யார் தலையில் இந்தச் சுமை? இரண்டாம் உலகப் போரின் அரசியல், பொருளாதார வேர்கள்

இரண்டாம் உலகப் போர் ஏன் மூண்டது என்ற கேள்விக்கு இருவகை விடைகள் பழகிப்போயிருக்கின்றன. ஹிட்லர் என்ற தனிமனிதரின் வெறியே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது ஒன்று. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் மீது வெர்சாய் உடன்படிக்கை சுமத்திய இழப்பீடும் அவமானமும் அந்நாட்டை வேறு வழியின்றிப் போருக்குத் தள்ளின என்பது மற்றொன்று. முதல் விடை, தொழில்வளம் மிக்க ஒரு பெருநாட்டின் அரசு அந்தத் தனிமனிதரின் கையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. இரண்டாவது விடை, 1919க்கும் 1939க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பலர் பல முறை தெரிந்தே எடுத்த முடிவுகளை விதியாக மாற்றிவிடுகிறது. அந்த ஆண்டுகளின் அரசியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிக்கும்போது, எல்லா நெருக்கடிகளுக்கும் அடியில் ஒரே வழக்கு ஓடிக்கொண்டிருந்தது தெரியவரும்: நடந்து முடிந்த போரின் செலவையும், அதன்பின் வந்த பொருளாதாரப் பெருமந்தத்தின் இழப்பையும் யார் சுமப்பது என்ற வழக்கு அது. ஒவ்வொருவரும் அந்தச் சுமையைத் தம்மைவிட எளியவர் தலையில் இறக்கிவைக்க முயன்றனர். நாடுகளுக்குள் அது வேலையற்றோர் மீதும் உழவர் மீதும் இறங்கியது, பேரரசுகளுக்குள் காலனி மக்கள் மீது இறங்கியது. கடைசியில், அயல்நாட்டு மக்களின் நிலத்தையும் உணவையும் உயிரையும் பறித்துத் தம் கணக்கை நேர்செய்வதையே கொள்கையாகக் கொண்ட அரசுகள் எழுந்தன.

1918 நவம்பரில் பீரங்கிகள் ஓய்ந்தபோது ஐரோப்பா கடனில் மூழ்கியிருந்தது. பிரான்ஸ் பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும் கடன்பட்டிருந்தது. பிரிட்டன் நேச நாடுகளுக்குக் கடன் கொடுத்திருந்தாலும் அமெரிக்காவிடம் தானும் பெருந்தொகை வாங்கியிருந்தது. அமெரிக்காவோ தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்க மறுத்தது. எனவே அந்தச் சங்கிலியின் கடைசியில் நின்ற ஜெர்மனியிடமிருந்து வாங்கித் தம் கடனைத் தீர்ப்பதே பாரிசுக்கும் லண்டனுக்கும் எளிய வழியாகத் தோன்றியது. பிரான்சின் கோரிக்கையை வெறும் பழிவாங்கலாகக் கருதிவிட முடியாது. நான்கு ஆண்டுகள் போர்க்களமாகக் கிடந்தது அதன் வடபகுதி மண், அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கங்களைப் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் நீரால் நிரப்பிப் பாழாக்கியிருந்தன. 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு, போர் விளைத்த இழப்புகளுக்கான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் வைத்து, இழப்பீடு கேட்பதற்கான சட்ட அடிப்படையை அமைத்தது. 1921இல் அந்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று அறுதியிடப்பட்டது. ஆனால் அதில் 8,200 கோடி, வசூலாகும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் இல்லாமலேயே, வென்ற நாடுகளின் வாக்காளர்களைத் தேற்றுவதற்காக எழுதிவைக்கப்பட்ட தொகை. தர முடியாத தொகையை ஜெர்மனியின் மக்கள் செய்தித்தாளில் படித்துக் கொதித்தனர்; வராத தொகையை நம்பிப் பிரான்சின் மக்கள் ஏமாந்தனர். பிரிட்டிஷ் நிதியமைச்சகத்தின் சார்பில் அமைதி மாநாட்டுக்குச் சென்று, உடன்பட முடியாமல் பதவி விலகிய பொருளியலாளர் ஜான் மேனார்டு கெய்ன்ஸ், ஐரோப்பிய நாடுகளின் பிழைப்பு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்போது அவற்றுள் ஒன்றை வறுமையில் ஆழ்த்திவிட்டு மற்றவை வாழ முடியாது என்பதை 1919ஆம் ஆண்டின் இறுதியிலேயே நூலாக எழுதி எச்சரித்திருந்தார்.

இழப்பீட்டுத் தவணைகளில் ஜெர்மனி பின்தங்கியபோது, 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் அதன் தொழில் இதயமான ரூர் பகுதியைக் கைப்பற்றின. அதை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கிய தொழிலாளர்களுக்கு ஊதியம் தர ஜெர்மன் அரசு பணத்தை அச்சடித்துத் தள்ள, ஏற்கெனவே வீங்கியிருந்த நாணயம் அடியோடு சரிந்து, அந்த நவம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 4.2 லட்சம் கோடி மார்க் ஆயிற்று. கடன் வாங்கியிருந்தவர்கள் தப்பினர், சேமித்து வைத்திருந்த நடுத்தர மக்கள் ஓட்டாண்டியாயினர். 1924இல் அமெரிக்க வங்கியாளர் சார்ல்ஸ் டாஸ் தலைமையில் வகுக்கப்பட்ட திட்டம் இழப்பீட்டுத் தவணைகளைத் தளர்த்தி, வெளிநாட்டுக் கடனுக்கும் வழிதிறந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் ஒரு விந்தையான சுழற்சி நடந்தது: அமெரிக்க முதலீட்டாளர்கள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தனர், ஜெர்மனி அதிலிருந்து பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இழப்பீடு செலுத்தியது, அவை அதைக்கொண்டு அமெரிக்காவுக்குப் போர்க்கடனைத் திருப்பின. யாரும் எதையும் உண்மையில் இழக்காததுபோல் தோன்றிய இந்த ஏற்பாட்டால், யார் சுமப்பது என்ற வழக்கு தீரவில்லை, தள்ளிப்போடப்பட்டது. அமெரிக்கக் கடன் நின்றுபோகும் நாளில் அது முன்னிலும் கடுமையாகத் திரும்பி வரும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ந்ததும் அந்த நாள் வந்தது. அன்றைய உலக வணிகம் பொன் திட்டத்தின் மேல் நின்றது. ஒவ்வொரு நாட்டின் நாணயத்துக்கும் குறிப்பிட்ட எடைத் தங்கம் மதிப்பாக நிர்ணயிக்கப்பட்டு, அந்த மதிப்பைக் காப்பதே மத்திய வங்கியின் முதற்கடமையாகக் கருதப்பட்ட முறை அது. தங்கம் வெளியேறத் தொடங்கினால் வட்டியை உயர்த்தி, அரசின் செலவைச் சுருக்கி, கூலியையும் விலையையும் இறக்க வேண்டும் என்பது அதன் விதி. நாணயத்தின் மதிப்பு காக்கப்படுவதற்கான விலையை வேலையிழப்பவர் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 1931 மே மாதத்தில் ஆஸ்திரியாவின் மிகப்பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் நிலைகுலைந்தது. ஜூலையில் ஜெர்மன் வங்கிகள் கதவடைத்தன. செப்டம்பர் 21 அன்று பிரிட்டனே பொன் திட்டத்தைக் கைவிட்டது. 1930இல் அமெரிக்கா சுங்க வரிகளை உயர்த்தியிருந்தது, மற்ற நாடுகளும் அதே வழியில் சென்றன, 1929 தொடக்கத்தில் இருந்த உலக வணிகத்தின் மதிப்பு 1933 தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஜெர்மனியில் இந்தச் சுமையை யார் ஏற்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டிய நாடாளுமன்றம் அதைத் தீர்மானிக்க முடியாமலேயே செயலிழந்தது. 1930 மார்ச்சில், வேலையின்மைக் காப்பீட்டுக்கான சந்தாவைச் சிறிதளவு உயர்த்துவதில் தொழிலாளர் கட்சியும் தொழிலதிபர் கட்சியும் உடன்பட முடியாமல், சமூக ஜனநாயகவாதியான ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அவருக்குப் பின் வந்த ஹைன்ரிக் புரூனிங், பெரும்பான்மை இல்லாமலே, அரசமைப்பின் 48ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்குத் தந்த அவசர அதிகாரத்தைக்கொண்டு ஆண்டார். ஊதியங்களையும் உதவித்தொகைகளையும் வெட்டினார், வரிகளை உயர்த்தினார். 1932 தொடக்கத்தில் பதிவுபெற்ற வேலையற்றோரின் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தொட்டது. 1928 தேர்தலில் 2.6 விழுக்காடு வாக்குகளே பெற்றிருந்த, ஹிட்லரின் நாஜிக் கட்சி, 1930 செப்டம்பரில் 18.3 விழுக்காட்டையும், 1932 ஜூலையில் 37.3 விழுக்காட்டையும் பெற்றது.

ஆயினும் பசி நேரடியாக ஹிட்லரை ஆட்சியில் அமர்த்திவிடவில்லை. 1932 நவம்பர்த் தேர்தலில் அக்கட்சியின் வாக்கு 33.1 விழுக்காடாகக் குறைந்திருந்தது, அதன் கருவூலம் வற்றியிருந்தது, வேறு அரசுகளை அமைக்கும் வழிகள் முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. பழமைவாத அரசியல்வாதி ஃபிரான்ஸ் ஃபொன் பாப்பனும் அவரைச் சூழ்ந்திருந்த நிலவுடைமையாளர்களும், தொழிற்சங்கங்களையும் இடதுசாரிகளையும் ஒடுக்குவதற்கு ஹிட்லரின் மக்கள் திரளைப் பயன்படுத்திக்கொண்டு அவரைத் தம் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று கணக்கிட்டுக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கை இணங்கவைத்ததால்தான் 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். மூன்று வாரங்களுக்குப் பின், பிப்ரவரி 20 அன்று நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் இல்லத்தில் கூடிய பெருந்தொழிலதிபர்கள், இனித் தேர்தல்கள் தேவைப்படாது என்பதைக் காதால் கேட்டபிறகும், அக்கட்சியின் தேர்தல் நிதிக்கு லட்சக்கணக்கில் வாரி வழங்கினர். மந்தம் ஒரு நாட்டின் முன் வைத்த தேர்வுகளில் மிகக் கொடியதை அந்நாட்டின் மேல்தட்டினர் தம் நலன் கருதித் தெரிந்தெடுத்த நிகழ்வு இது. அதே ஆண்டுகளில் அதே மந்தத்தை எதிர்கொண்ட ஸ்வீடனும் அமெரிக்காவும் பொதுப்பணிகள் வழியாகவும் தொழிலாளர் உரிமைகள் வழியாகவும் மீள முயன்றன என்பதையும், அங்கெல்லாம் நாடாளுமன்றம் உயிரோடிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

பேரரசுகளை வைத்திருந்த நாடுகள் தம் சுமையை வேறு வகையில் இறக்கின. 1932இல் ஒட்டாவாவில் கூடிய பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும், தம்முள் சலுகை வரியும் பிறர்க்கு உயர்ந்த வரியும் விதித்துக்கொண்டு, உலகச் சந்தையின் ஒரு பெரிய பகுதியைச் சுற்றி வேலியிட்டன. அதே காலத்தில், விளைபொருள் விலை பாதியளவுக்கு வீழ்ந்தும் நிலவரியும் கடன்வட்டியும் குறையாத இந்திய உழவர்கள், தமிழ் மாவட்டங்கள் உட்பட நாடெங்கும், வீட்டிலிருந்த பொன் நகைகளை விற்றனர். 1931க்குப் பின் அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறிப் பவுண்டு நாணயத்தைத் தாங்கிப்பிடித்தது. தங்களுக்கு ‘இல்லாத நாடுகள்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானும், பிறர் நாட்டைப் பிடித்து வைத்திருப்பதே வளத்துக்கு வழி என்ற பாடத்தை இந்தப் பேரரசுகளிடமிருந்தே கற்றன. பேரரசுகளின் அநீதி அவர்கள் செய்த கொடுமையை நியாயமாக்கவில்லை. ஆனால் அந்த அநீதி இல்லாதிருந்தால் அவர்களுடைய வாதம் தம் மக்களிடம் அவ்வளவு எளிதாக எடுபட்டிருக்காது.

நாஜி ஆட்சியில் வேலையின்மை குறைந்தது உண்மை. அந்த மீட்சி எதன்மேல் எழுப்பப்பட்டது என்பதில்தான் போரின் பொருளாதாரக் காரணம் அடங்கியிருக்கிறது. மத்திய வங்கியின் தலைவர் ஹியால்மர் ஷாக்ட், மெஃபோ என்ற பெயரளவிலான நிறுவனத்தின் பேரில் உண்டியல்களை, அதாவது குறித்த காலத்துக்குப் பின் பணமாக மாற்றத்தக்க சீட்டுகளை, வெளியிடச் செய்து, ஆயுத ஆலைகளுக்கு அவற்றின் மூலம் பணம் கிடைக்க வழிசெய்தார். அரசின் வரவுசெலவுக் கணக்கில் தெரியாத இந்தக் கடன் 1938க்குள் சுமார் 1,200 கோடி ரைக்ஸ்மார்க்காக வளர்ந்தது. ஆயுத உற்பத்திக்கு இரும்புத்தாதும் ரப்பரும் பெட்ரோலியமும் வெளியிலிருந்து வர வேண்டும், அவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், அதை ஈட்ட ஏற்றுமதி வேண்டும். ஆனால் ஏற்றுமதி செய்ய வேண்டிய ஆலைகளே ஆயுதம் செய்துகொண்டிருந்தன. வெண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு வந்த 1936இல், ஆயுதப் பெருக்கத்தின் வேகத்தைத் தணிக்க வேண்டும் என்ற ஷாக்ட்டின் கருத்தை ஒதுக்கிவிட்டு, படையும் பொருளாதாரமும் நான்கு ஆண்டுகளில் போருக்குத் தயாராக வேண்டும் என்று ஹிட்லர் எழுதிய குறிப்பாணையின் அடிப்படையில் கோரிங்கின் பொறுப்பில் நான்காண்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1937 நவம்பர் 5 அன்று படைத்தலைவர்களிடம் பேசிய ஹிட்லர், ஜெர்மானியர் குடியேறி உணவு பெறுவதற்கான நிலப்பரப்பு என்று அவர் பொருள்கொண்ட ‘வாழ்வெளி’யை வலிமையால் மட்டுமே பெற முடியும் என்றும், 1943 முதல் 1945க்குள் அது முடிந்தாக வேண்டும், அதன்பின் மற்ற நாடுகளின் ஆயுதபலம் முந்திவிடும் என்றும் கூறினார்.

இந்தக் கட்டத்தில் பொருளாதாரம் போருக்குக் கடிவாளமாக இல்லாமல் தார்க்குச்சியாக மாறிவிட்டிருந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா இணைக்கப்பட்டதும் வியன்னாவின் மத்திய வங்கியிலிருந்த தங்கம் பெர்லினுக்குப் போயிற்று. 1939 மார்ச்சில் பிராகா வீழ்ந்தபின், செக்கோஸ்லோவாக்கியாவின் கணக்கில் லண்டனில் இருந்த 23 டன் அளவிலான தங்கத்தை, பாசெல் நகரிலிருந்த பன்னாட்டுத் தீர்வு வங்கி ஜெர்மனியின் கணக்குக்கு மாற்றிக்கொடுத்தது. ஸ்கோடா ஆயுத ஆலைகளும் ஜெர்மனியின் வசமாயின. அதே ஆண்டு ஜனவரி 7 அன்று, கட்டற்ற செலவு நாணயத்தை அழித்துவிடும் என்று எச்சரித்து மத்திய வங்கியின் இயக்குநர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்துக்குக் கிடைத்த விடை, ஜனவரி 20 அன்று ஷாக்ட் நீக்கப்பட்டது. ஆயுதப் பெருக்கத்தை நிறுத்தினால் வேலையின்மையும் அரசியல் தோல்வியும், தொடர்ந்தால் செலாவணி முறிவு. இரண்டிலிருந்தும் தப்ப அந்த ஆட்சிக்குத் தெரிந்த ஒரே வழி, அடுத்த நாட்டின் கருவூலமும் களஞ்சியமும்.

தடுத்திருக்கக்கூடியவர்களும் தத்தம் கணக்குகளுக்குள் சிறைப்பட்டிருந்தனர். 1935இல் இத்தாலியின் முசோலினி அபிசீனியாவை (எத்தியோப்பியாவை) தாக்கியபோது, முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த பன்னாட்டு அமைப்பான நாடுகளின் சங்கம் விதித்த தடைப்பட்டியலில் பெட்ரோலியம் சேர்க்கப்படவில்லை, சூயஸ் கால்வாய் மூடப்படவில்லை. பிரிட்டனின் நிதியமைச்சகம் ஆயுதச் செலவு நாணயத்தைப் பலவீனப்படுத்தும் என்று அஞ்சியது. மேற்கு நாடுகள் சோவியத் ஒன்றியத்தோடு மனமார உடன்படத் தயங்கின. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாலின் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, போலந்தைப் பங்கிட்டதோடு தானியமும் எண்ணெயும் தர இசைந்தார். செப்டம்பர் 1 அன்று போலந்து தாக்கப்பட்டது. 3ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியதும், இந்தியச் சட்டமன்றங்களைக் கேட்காமலே இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அதை எதிர்த்து, சென்னையில் ராஜாஜியின் அரசு உட்பட, காங்கிரஸ் மாகாண அரசுகள் பதவி விலகின.

கிழக்கில் ஜப்பானின் கதையும் இதே தடத்தில் சென்றது. 1930 ஜனவரியில், நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகே தம் நாட்டைப் பழைய உயர்ந்த மதிப்பிலேயே பொன் திட்டத்துக்குத் திருப்பினார். அதே நேரத்தில் அமெரிக்கர்கள் பட்டு வாங்குவதைக் குறைக்க, உழவர் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்குப் பட்டுப்புழு வளர்ப்பும் ஒரு பிழைப்பாக இருந்த நாட்டில் பட்டின் விலை பாதிக்கும் கீழ் விழுந்தது. வடகிழக்குக் கிராமங்களில் மகள்களை விற்கும் நிலை வந்தது. அந்தக் கிராமங்களின் துயரத்தைத் தம் நியாயமாகக் காட்டிய இளம் படை அதிகாரிகள், 1931 செப்டம்பரில் மஞ்சூரியாவைப் பிடித்த படையைக் கொண்டாடினர். அந்த ஆண்டின் இறுதியில் பொறுப்பேற்ற தகாஹாஷி கொரெகியோ பொன் திட்டத்தைக் கைவிட்டு, அரசுச் செலவைப் பெருக்கி, பெரும்பாலான நாடுகளுக்கு முன்பே ஜப்பானை மந்தத்திலிருந்து மீட்டார். மீட்சி வந்தபின் படைச்செலவை அவர் கட்டுப்படுத்த முயன்றதால் 1936 பிப்ரவரி 26 அன்று கிளர்ச்சிப் படையினர் அவரைச் சுட்டுக்கொன்றனர். பொருளாதாரம் மீண்டிருந்தும் ஜப்பான் போரை நோக்கிச் சென்றது. படையைத் தட்டிக்கேட்க எவரும் மிஞ்சவில்லை என்பதே அதற்குக் காரணம்.

1937 ஜூலையில் தொடங்கிய சீனப் போர் ஜப்பானை மேலும் மேலும் எண்ணெய்க்கும் இரும்புக்கும் அடிமையாக்கியது. அதன் பெட்ரோலியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 ஜூலையில் ஜப்பானியப் படை தென் இந்தோசீனாவில் இறங்கியதும் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்க, எண்ணெய் வரத்து நின்றது. கையிருப்பு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்று கணக்கிட்ட டோக்கியோவின் முன், சீனாவிலிருந்து விலகுவது, சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் வயல்களைப் பிடிப்பது என்ற இரு வழிகள் இருந்தன. முதல் வழியைத் தோல்வியாகக் கண்ட தலைமை இரண்டாவதைத் தேர்ந்தது. அதைக் காக்க அமெரிக்கக் கடற்படையை முதலில் முடக்க வேண்டியிருந்ததால் டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் முன்பே, சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த ஜெர்மனி, உணவுத்துறை அதிகாரி ஹெர்பர்ட் பாக்கே வகுத்த திட்டத்தின்படி, உக்ரைனின் தானியத்தைத் தன் படைக்கும் மக்களுக்கும் திருப்பி, அதனால் சாகப்போகும் பல பத்து லட்சம் மனிதர்களை முன்கூட்டியே கணக்கில் எழுதிவைத்திருந்தது. இருபது ஆண்டுகளாகச் சுமையைக் கீழே தள்ளிவந்த அரசியலின் கடைசிப் படி அந்தத் திட்டம்.

நிலமும் காலனியும் இன்றி வாழ முடியாது என்று சொல்லிப் போருக்குப் போன ஜெர்மனியும் ஜப்பானும், 1945க்குப் பின் முன்னிலும் சுருங்கிய எல்லைகளுக்குள், பேரரசு ஏதுமின்றி, மூலப்பொருளை விலைகொடுத்து வாங்கிச் செய்பொருளை விற்று, தம் வரலாற்றிலேயே மிக வளமான வாழ்வை எய்தின. போருக்குச் சொல்லப்பட்ட பொருளாதாரத் தேவை பொய்யென்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த வளம் தானாக வரவில்லை. 1944 ஜூலையில் பிரெட்டன் உட்சில் கூடிய 44 நாடுகள், வேலையிழப்போரைப் பலிகொடுக்காமல் நாணயங்களை நிலைநிறுத்த வழி தேடின. 1953இல் லண்டனில் கையெழுத்தான உடன்பாடு மேற்கு ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்து, மீதியை அந்நாட்டின் ஏற்றுமதி வலிமைக்கு ஏற்பக் கட்டச் சொன்னது. 1919இல் கெய்ன்ஸ் கேட்டதற்குச் செவிசாய்க்காத உலகம், ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தபின் அதையே செய்தது.

அந்தப் போரிலிருந்து கற்க வேண்டியது, வறுமை போரை விளைக்கும் என்ற எளிய வாய்பாடு அன்று. வறுமையில் ஆழ்ந்த மக்கள் பெரும்பாலும் போரைத் தொடங்கும் நிலையிலேயே இருப்பதில்லை. நெருக்கடியின் இழப்பை நேர்மையாகப் பங்கிடும் மன்றங்கள், அவை நாடாளுமன்றமாயினும் நாடுகளின் சங்கமாயினும், செயலிழக்கும்போது, அந்தப் பங்கீட்டை வலிமை தீர்மானிக்கத் தொடங்குகிறது; ஆயுதத்தின்மேல் பொருளாதாரத்தை எழுப்பிய அரசுக்கு அதன்பின் அமைதி ஒரு நட்டக்கணக்காகிறது. கடன் முடிச்சுகளும் சுங்கப் போர்களும் ஆயுதச் செலவும் ஒருசேரப் பெருகும் எந்தக் காலத்திலும், படைகள் எல்லையில் குவிவதற்கு நெடுநாள் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இழப்பு யார் தலையில் இறக்கப்படுகிறது, அதை மறுத்துப் பேச அவர்களுக்கு ஒரு மன்றம் இருக்கிறதா? வெர்சாயிலும் பெர்லினிலும் டோக்கியோவிலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குரல் ஏற்கப்பட்டிருந்தால் போர் தவிர்க்கக்கூடியதாகவே இருந்தது.